கத்திக்கடைக்காரன் வீட்டுக் கத்தி

விமலா மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூழ் ஃபாக்டரிகளுக்கு லாரி லாரியாகப் போகிற கிளிமூக்கு மாங்காய். அந்தப் பருவத்தில் சித்தூரில் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சமையலறை முழுக்கக் காம்புப் பாலின் புளிப்பு வாசனை. கத்தி தோலுக்குள் இறங்கும்போது ஒரு சின்னச் சத்தம், பலகையைத் தொடும்போது ஒரு சின்னச் சத்தம். துண்டுகள் வெற்றிலை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்துகொண்டிருந்தன.

நான் சமையலறை வாசலில் நின்றேன். கையில் புதுக் கத்தி, அட்டைப் பெட்டியோடு.

"விமலா, இத்த பாரு. புது சரக்கு. ஜெர்மன் ஸ்டீலு. அத்த வெச்சிட்டு இத்துல நறுக்கிப் பாரேன்."

"அங்க வையிங்க. அப்பால பாக்கறேன்."

தலையைத் தூக்கவில்லை. அவளுடைய 'அப்பால' எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுப்பு மேடைக்குக் கீழே, இடதுபக்க இழுப்பறையில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நான் கொண்டுவந்து கொடுத்த கத்திகள் எல்லாம் அதற்குள்தான் படுத்திருக்கின்றன. அவள் கையில் இருந்தது ஜெயசீலன் கொடுத்த கத்தி.

எனக்கு வயிறு எரிந்தது. சித்தூரில் பாதிப் பேர் வீட்டில் வெங்காயம் அரிவது என் கடைக் கத்தியில். என் வீட்டில் மட்டும் இன்னொருவன் கத்தி. அதுவும் அவன் கத்தி.

இந்தத் தொடரில் நைனாவின், அதாவது என் அப்பாவின், பாத்திரக் கடையைப் பற்றி எழுதிய பகுதி வெளியான வாரம், விமலா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள். "குண்டானப் பத்தி எழுதினிங்க, தாம்பாளத்தப் பத்தி எழுதினிங்க. கத்தியப் பத்தி மட்டும் ஏன் வாயே தொறக்கல?" கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முறைக்காரன்

ஜெயசீலன் விமலாவின் தாய்மாமன் மகன். சித்தூர்ப் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் பைபிளும் பாட்டுப் புத்தகமும் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் முறை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. விமலா பிறந்தபோதே 'ஜெயாவுக்குப் பொண்டாட்டி பொறந்துட்டா' என்று சொன்னார்களாம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் பெரியவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்துக் கேலி செய்வார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மாமியார். எனக்குப் பெண் கொடுத்த பிறகு, என்னிடமே, மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னார்.

அவன் கப்பலில் சமையல்காரனாகப் போனான். வருவான், வருவான் என்று இவர்கள் காத்திருந்தார்கள். ஒரு லீவில் வந்தவன், இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம், என்னை நம்பிப் பெண்ணை உட்காரவைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் என் ஜாதகம், மன்னிக்கவும், எங்கள் ஆயர் கொடுத்த நற்சாட்சிக் கடிதம் அந்த வீட்டுக்குப் போனது.

அவன் இன்றுவரைக்கும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 'கப்பல்ல கீறவனுக்குக் குடும்பம் எதுக்கு' என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இதில் ஒரு கொடுமை உண்டு. மனைவிக்கு மாமன் மகன் என்றால் கணவனுக்கு அவன் பங்காளி முறை. அதனால் எனக்கு அவன் அண்ணன், என் பிள்ளைகளுக்குப் பெரியப்பா. 'பெரியப்பா வந்துட்டாரு' என்று அவர்கள் வாசலுக்கு ஓடும்போது நானும் பின்னாலேயே போய் 'வாங்கண்ணா' என்று சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே அண்ணா. இங்கே, காகிதத்தில், அவன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விமலாவுக்கு நான் 'நீங்க'. அவன் 'நீ'. என்னைப் பற்றிப் பேசினால் 'அவுரு சொன்னாரு' என்பாள். அவனைப் பற்றிப் பேசினால் 'மாமா சொல்ச்சி' என்பாள். மரியாதை எனக்கு, உரிமை அவனுக்கு. மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கேக் வெட்டிய கதை

கல்யாண வரவேற்பு சர்ச் ஹாலில் நடந்தது. மூன்றடுக்குக் கேக்கை வேலூரிலிருந்து வேனில் கொண்டுவந்திருந்தார்கள். வழியெல்லாம் வெயில். மேலே பூசிய சர்க்கரை, சுவருக்குப் பூசிய சுண்ணாம்புபோலக் காய்ந்து இறுகியிருந்தது.

கேக்கோடு வந்த கத்தியில் ரோஜா நிற ரிப்பன் கட்டியிருந்தது. நானும் விமலாவும் சேர்ந்து பிடித்து அழுத்தினோம். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினோம். கத்தி வளைந்தது. கேக் பலகையோடு சேர்ந்து மேசை விளிம்புக்கு நகர்ந்தது. பாடகர் குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். புது கோட்டுக்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது.

"இருங்க தம்பி, ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவன்தான். லீவில் வந்திருந்தான். பரிசுப் பொருள்கள் குவிந்திருந்த மேசைக்குப் போய் ஒரு நீளமான பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே மரக் கைப்பிடி போட்ட கத்தி. தகட்டில் ஏதோ புரியாத எழுத்து.

என் மாமியார் பதறிப்போனார். "கல்யாணத்துக்குப் போயி யாராவது கத்தி குடுப்பாங்களாடா?"

அவன் சிரித்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால் அதை மேசைமேல் வைத்தான். விமலா எடுத்தாள். முதலில் அவள் கை, அதற்குமேல் என் கை. கேக்குக்குள் கத்தி இறங்கியதே தெரியவில்லை. ஹாலில் கைதட்டல். 'ஜப்பான் கத்தி, ஜப்பான் கத்தி' என்று யாரோ ஆரம்பித்தார்கள். அப்போது அவன் கப்பல் அந்தப் பக்கம்தான் போய்வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்தில் ஜப்பான் கத்தி ஆகிவிட்டது.

அந்தக் கணத்தை ஃபோட்டோக்காரர் எடுத்திருக்கிறார். நன்றாக வந்த படம் அது ஒன்றுதான். அதனால் அதைத்தான் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறோம். என் கல்யாணப் படத்தில் நானும் என் மனைவியும் அவன் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஓரத்தில் அவன் தோள்பட்டையும் விழுந்திருக்கிறது.

எந்த ஊர் சரக்கு?

நைனாவின் கடை வெறும் பாத்திரக் கடை. அதில் கத்தியைக் கொண்டுவந்தது நான். வியாபார மூளை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையான காரணத்தை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அந்தக் கத்தியை என் வீட்டிலிருந்து விரட்டுகிற மாதிரி ஒரு கத்தியைத் தேடித்தான் நான் இந்த வியாபாரத்துக்கே வந்தேன்.

தேடியதில் கத்தியைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். குறைந்த விலைக் கத்திகளில் ஊர்ப் பெயர்தான் முதலில் விற்கும். பெட்டியின் முகப்பில் 'ஜெர்மன்' என்றோ 'ஜப்பான்' என்றோ கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னாலேயே பொடி எழுத்தில் 'டெக்னாலஜி' என்றோ 'ஸ்டைல்' என்றோ ஒட்டியிருக்கும். செய்த ஊர் எது என்று பார்க்கப் பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். அடியில், கோடுகோடாக இருக்கிற பட்டைக்குப் பக்கத்தில், சைனா என்று இருக்கும். சில சமயம் குஜராத் முகவரி இருக்கும்.

சைனா என்றால் மட்டம் என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. அவர்களே நல்ல ஸ்டீலும் போடுகிறார்கள், தகரத்தையும் போடுகிறார்கள். வாங்குகிறவன் எவ்வளவு கொடுக்கிறானோ அவ்வளவு போடுகிறார்கள். தகட்டில் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். ஸ்டீலின் ரகத்துக்கு ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைத் தைரியமாகப் போட்டிருந்தால் கொஞ்சம் நம்பலாம். கார்பன் அதிகம் இருந்தால் கூர் நிற்கும். குரோமியம் இருந்தால் துரு பிடிக்காது. பிறகு, எவ்வளவு பக்குவமாகச் சூடு போட்டு ஆறவைத்தார்கள் என்பது வேறு இருக்கிறது. அதைப் பெட்டியில் யாரும் எழுத மாட்டார்கள்.

மலிவுக் கத்தியை ஏன் மிருதுவாகவே செய்கிறார்கள் தெரியுமா? மிருதுவான கத்தி மழுங்கினால் வாங்கியவள் சாணைக்காரரைத் தேடுவாள். கடினமான கத்தியின் விளிம்பு உடைந்தால் நேராகக் கடைக்கு வருவாள். வடமாலபேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அப்படித்தான் வந்தார். கத்தியில் ரம்பம்போலப் பல் விழுந்திருந்தது.

"ஏம் அண்ணா, கேரண்டி உந்தான்னு கேட்டேன். உந்தின்னு சொன்ன. இப்ப இன்னா இது?" தெலுங்கு கலந்த எங்கள் பக்கத்துப் பேச்சில் 'உந்தா' என்றால் உண்டா.

"இத்துல இன்னாம்மா வெட்டுன?"

"இன்னா வெட்டுவாங்க? தேங்கா ஒடச்சேன். கோழி வெட்னேன். அப்பால சிலிண்டர் மூடிய நெம்புனேன். அதுக்குத் தான கத்தி?"

வேறு கத்தி கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்த கத்தியின் பல்லைத் தேய்த்து எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் விமலாவிடம் கொடுத்தேன். அதுவும் இழுப்பறைக்குள் போனது.

ரேணிகுண்டா பயணம்

மாங்காய் நறுக்கிய அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்த ஜப்பான் கத்தியின் மானத்தை வாங்கிவிடுவது என்று. ஒன்று, அது உண்மையிலேயே உயர்ந்த ஸ்டீலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இல்லையென்றால் அதற்குப் பிறகு அது என் சமையலறையில் இருக்கக் கூடாது.

மறுநாள், சாணை பிடித்துவிட்டு வருகிறேன் என்று விமலாவிடம் பொய் சொன்னேன். கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரேணிகுண்டாவுக்குப் பஸ் ஏறினேன். எனக்குத் தெரிந்த சுதாகர் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரும்புச் சாமான்களின் கடினம் பார்க்கிற வேலையில் இருந்தான்.

"இன்னாண்ணா, சமையல் கத்திய தூக்கிக்கினு வந்துட்ட? இங்க பல்சக்கரத்துக்குத்தான் டெஸ்ட் போடுவோம்."

"போடுப்பா. கடை விஷயம்."

அந்த மெஷினில் ஊசிபோல ஒரு வைர முனை இருக்கும். அது கத்தியின்மேல் அழுத்தும். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கேற்ப ஒரு எண் வரும். எண் கூடினால் கடினம் கூடுதல். முதலில் நான் கடையிலிருந்து எடுத்துப்போன ஒரு ஜெர்மன் டெக்னாலஜியை வைத்தோம். ஐம்பத்தாறு. பிறகு அவன் கத்தி. ஐம்பத்திரண்டு. இடம் மாற்றி இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். ஐம்பத்தொன்று.

"சாதா சரக்குண்ணா. நீ இத்த இன்னா வெலைக்கு வாங்குன?"

"நான் வாங்கல" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு இனிப்பாக இருந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இரண்டு மசால் வடை வாங்கிச் சாப்பிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். அந்தத் தகடு மெலிது, மெலிதான தகடு மிருதுவாக இருந்தாலும் காயைப் பிளக்காமல் வெட்டும், நாலு தடவை தீட்டினால் கூர் வந்துவிடும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதை அன்றைக்கு நினைத்துப்பார்க்க நான் தயாராக இல்லை.

"தெரியும்"

விமலா கத்தியைக் கையில் எடுத்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். கைப்பிடிக்குப் பக்கத்தில் மெஷின் குத்திய இரண்டு புள்ளிகள்.

"இது இன்னாது, அம்மை போட்ட மாதிரி?"

"சாணை புடிக்க சொல்ல வந்திருக்கும்."

"சாணை புடிச்சா புள்ளி வருமா? கத்திக்கடைக்காரரு சொல்றாரு."

இதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ரேணிகுண்டா, வைர முனை, ஐம்பத்தாறு, ஐம்பத்தொன்று. "இது ஜப்பானும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நானே இதவிட நல்ல கத்திய இதவிட கம்மிக்கு விக்கிறேன். இவ்ளோ வருஷமா தலைல தூக்கி வெச்சிக்கினு ஆடனியே, ஒங்க மாமா ஒன்ன நல்லா ஏமாத்திட்டாரு."

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"இது தாய்லாந்து கத்தி. கப்பல் நின்ன ஊர்ல தள்ளுவண்டில வாங்குச்சாம். 'கைல அவ்ளோதான் இருந்திச்சி விமலா, கோச்சிக்காத'ன்னு மாமாவே சொல்ச்சி. ஜப்பான்னு சொன்னது ஊருதான். மாமா சொல்லல, நானும் சொல்லல."

"எப்ப சொன்னாரு?"

"கல்யாணத்து அன்னிக்கு. நீங்க அந்தாண்ட கைகுடுத்துக்கினு நின்னிங்களே, அப்ப."

என் கல்யாணத்தன்று, நான் யார் யாருக்கோ கைகொடுத்துக்கொண்டு நின்ற நேரத்தில், இவர்கள் இரண்டு பேருக்கும் தனியாகப் பேச இப்படி ஒரு விஷயம் இருந்திருக்கிறது. இருபது வருடத்துக்குமேல் என்னிடம் சொல்லவில்லை. கத்தி மலிவு என்று தெரிந்த சந்தோஷம் எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"மட்டம்னு தெரிஞ்சே அத்தயே புடிச்சிக்கினு கீறியே, ஏன்?"

அவள் குனிந்து அந்த இழுப்பறையை இழுத்தாள். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக மேடைமேல் எடுத்து வைத்தாள்.

"இது கைப்பிடி வெளுத்துப் போச்சின்னு ஒருத்தரும் வாங்கல, வூட்டுக்கு வந்திச்சி. இது ஒரு அம்மா தேங்கா ஒடச்சிட்டுத் திருப்பிக் குட்த்தது. இது ஜோடில ஒன்னு காணாம பூட்ச்சி. நேத்து ஜெர்மன்னு கொண்ணாந்திங்களே, அந்த அட்டைய பாருங்க. மழைல கடை ஒழுவி ஊறிப்போன அட்டை. எல்லாம் கடைல போணியாவாதது. விமலாவுக்குன்னு ஒன்னு, ஒரே ஒன்னு, வாங்கியாந்திங்களா? மாமா தள்ளுவண்டில வாங்குச்சி. ஆனா எனக்குன்னு வாங்குச்சி."

என்னிடம் பதில் இருந்தது. எந்தக் கடைக்காரன் நல்ல சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோவான்? ஜவுளிக்கடைக்காரர் மனைவி கட்டுவது கறைபட்ட புடவை. முறுக்குக் கடைக்காரர் பிள்ளைகள் தின்பது உடைந்த முறுக்கு. ஊரெல்லாம் அப்படித்தான். அதைச் சொல்லவும் செய்தேன்.

"அப்டின்னா அந்தக் கடையையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, அவன் கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள்.

வாடிக்கையாளன்

மறுவாரம் திருப்பதிக்குப் போனேன். எனக்குச் சரக்கு போடுகிற வியாபாரியிடம் போகவில்லை. என்னைத் தெரியாத ஒரு பெரிய பாத்திரக் கடைக்குள் நுழைந்தேன். கவுன்டரில் இருந்த பெண் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக என் கடையில் நான் பேசுகிற பேச்சையே எனக்குத் திருப்பிப் பேசினாள்.

"இதி ஜெர்மன் டெக்னாலஜி சார். லைஃப் லாங் வரும்."

நான் திருத்தவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சைனா. தகட்டில் ஸ்டீல் நம்பர் ஒழுங்காகப் போட்டிருந்தது. ஒவ்வொரு கத்தியாகக் கையில் பிடித்துப் பார்த்தேன். விமலாவின் கை சின்னது, விரல்கள் குட்டை. நான் இத்தனை வருடமாக எடுத்துப் பார்த்த கைப்பிடி எல்லாம் என் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தவை. அவள் கைக்கு ஏற்ற ஒன்று கிடைக்க வெகுநேரம் ஆனது. பேரம் பேசவில்லை. பேசாமல் இருக்க வாயைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"கிஃப்டா சார்? பேப்பர் சுத்தித் தரட்டா?"

"கிஃப்டுதான்."

விமலா பேப்பரைப் பிரித்தாள். நேராகப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"சைனாவா?"

"சைனாதான். ஸ்டீலு நல்ல ஸ்டீலு."

"கடை சரக்கா?"

"இல்ல. திருப்பதில வாங்கினேன். ஒனக்குன்னு."

அவள் ஒரு தக்காளியை எடுத்து வெட்டினாள். இன்னொன்றையும் வெட்டினாள். தக்காளி தேவையே இல்லாத குழம்பு அன்றைக்கு. அந்த வாரம் முழுக்கப் புதுக் கத்திதான் பலகைமேல் இருந்தது. பழையது தட்டு அலமாரிக்குப் போனது. காரணமில்லாமல் நான் அடிக்கடி சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

கப்பலை விட்டு வந்த பிறகு ஜெயசீலன் திருப்பதியில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையல் பொறுப்பில் இருந்தான். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் கறி வாங்கிக்கொண்டு சித்தூர் வருவான். வந்தால் ஹாலில் உட்கார மாட்டான். நேராகச் சமையலறைக்குப் போய் வெங்காயம் அரிய ஆரம்பித்துவிடுவான். அன்றைக்கும் அப்படித்தான் போனான். பலகைமேல் இருந்த கத்தியை எடுத்தான். வெங்காயத்தில் வைத்தான். நிறுத்தினான். கட்டை விரலை விளிம்பில் லேசாக வைத்துப் பார்த்தான்.

"ஏது விமலா இது?"

"அவுரு வாங்கியாந்தாரு. கடை சரக்கு இல்ல மாமா. எனக்குன்னு திருப்பதிக்குப் போயி வாங்கியாந்தாரு."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இந்த நாளுக்காகத்தான் இருபது வருடம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவன் முகத்தையே பார்த்தேன்.

"எந்த ஊர் சரக்கு தம்பி?" என்று என்னைக் கேட்டான்.

"சைனா அண்ணா."

"நல்லா கீது" என்று சிரித்தான். வாய் மட்டும்தான் சிரித்தது. அவன் முகத்தில் அன்று நான் பார்த்தது எனக்கு நன்றாகப் பழக்கமான முகம். சவரம் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்ப்பது. அவனுக்குப் பொறாமை வர வேண்டும் என்று நான் எத்தனை ஆசைப்பட்டிருக்கிறேன். வந்துவிட்டது. வந்தபிறகுதான் புரிந்தது, ஒன்றும் இல்லாத இடத்தில் பொறாமை வராது என்று. இத்தனை வருடமும் நான் வீணாக எரியவில்லை. வீணாக எரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சாப்பாடு முடிந்தது. கிளம்புகிற நேரத்தில் அவன் அலமாரியிலிருந்து அந்தப் பழைய கத்தியை எடுத்தான். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத்த நான் எத்துக்கினு போவட்டா?" என்றான். கேட்டது விமலாவிடம்.

"தேஞ்சி பூட்ச்சே மாமா. நீ இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"சும்மாத்தான். பழம் கிழம் அரிய."

அவள் கத்தியை வாங்கிக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டினாள். அவ்வளவு பொறுமையாக அவள் எதையும் கட்டி நான் பார்த்ததில்லை.

"ஜாக்கிரதையா போங்கண்ணா" என்றேன். பைக் தெருமுனை திரும்பியது. எது போக வேண்டும் என்று இருபது வருடமாக நினைத்தேனோ அது போய்விட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கேட்டைச் சாத்தும்போதுதான் உறைத்தது. அந்தக் கைப்பிடியில் கட்டை விரல் படுகிற இடத்தில் மரம் குழிந்திருக்கும். விமலாவின் விரல் தேய்த்த குழி. அவன் கொடுத்தது தள்ளுவண்டியில் வாங்கிய மலிவுக் கத்தி. கொண்டுபோனது அது இல்லை. நான் என் வாயாலேயே வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

சில நாள் கழித்துத் திருப்பதியில் வேலை இருப்பதாக ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். காபி போடுகிறேன் என்றான். சமையலறைச் சுவரில் காந்தப் பட்டை அடித்து, சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகக் கத்திகளை ஒட்டவைத்திருந்தான். எல்லாம் உயர்ந்த சரக்கு. என் கடையில் வாங்க ஆள் கிடையாது. அந்தக் கத்தி அங்கே இல்லை. அவன் பால் வாங்கக் கீழே போன நேரத்தில் இழுப்பறைகளையும் திறந்து பார்த்தேன். தட்டு அலமாரியிலும் பார்த்தேன். இல்லை.

பழம் அரிய என்றுதானே சொன்னான். மேசைமேல் தட்டில் ஆப்பிள் இருந்தது. பக்கத்தில் வேறு கத்தி இருந்தது.

என் வீட்டில் இருந்தவரைக்கும் அது எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை. காபியைக் குடித்துவிட்டு, நல்லா இருக்குண்ணா என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறினேன்.